இடைக்காலப் பாரசீகப் பட்டுகளில் விலங்குகள் ஏன் பெரும்பாலும் எதிரெதிரே ஜோடியாக நிற்கின்றன?

நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போர் என்று இதற்குத் தத்துவ விளக்கம் தருபவர்கள் உண்டு. நெசவுக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தறிதான்.

இத்தகைய பட்டு நெய்யும் தறியில், பாவு இழைகளை (நீளவாட்டில் ஓடும் இழைகளை) தூக்கத் தனியாகக் கயிறுகள் கட்டியிருப்பார்கள். நெசவாளர் ஊடை (குறுக்கு இழை) போட, உதவியாள் கயிற்றை இழுப்பார். இடப்பக்கத்து இழை ஒன்றையும் அதற்கு நேரெதிரான வலப்பக்கத்து இழையையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டால், ஒரு சிங்கத்துக்கான உழைப்பில் இரண்டு சிங்கங்கள் கிடைத்துவிடும். சில பட்டுகளில் அரபு வாசகமே ஒரு பக்கம் நேராகவும், மறுபக்கம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறியும் ஓடுகிறது. எழுதத் தெரிந்தவர் ஆசைப்பட்டா அப்படி எழுதியிருப்பார்? தறி செய்த வேலை அது.

இணையத்தில் படம் பார்த்துக் கேட்கிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. 1925இல் ஈரானின் ரேய் நகரத்துக் கல்லறைகளில் பட்டுகள் கிடைத்த பிறகு, அதே பாணியில் சந்தைக்கு வந்தவற்றில் பல போலிகள் என்று கார்பன் சோதனையில் தெரியவந்தது.

உருவங்களுக்குப் பொருளே இல்லை என்று சொல்ல வரவில்லை. நாய்த்தலையும் சிறகும் மயில்வாலும் கொண்ட சென்முர்வ் என்ற கற்பனை விலங்கு, மேற்கு ஈரானின் தாக்-எ-போஸ்தான் குகைச் சிற்பத்தில், இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானிய வம்சத்து மன்னரின் உடையிலேயே இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் அந்த அரசு வீழ்ந்தும் விலங்குகள் துணியை விட்டுப் போகவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் அரபு எழுத்து வந்து சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது, பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள சேன்-ஜோஸ் பட்டு. ஈரானின் வடகிழக்கை ஒட்டிய கொராசான் பகுதியில் நெய்தது. சிவப்புத் தரையில் இரண்டு யானைகள் முகத்துக்கு முகம் நிற்கின்றன. கரையில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள், கழுத்தில் நாடா கட்டிக்கொண்டு வரிசையாக நடக்கின்றன. மூலையில் ஒரு சேவல். யானைகளின் காலடியில் கூஃபி என்ற கோண வடிவ அரபு எழுத்தில் ஒரு வாழ்த்து: தளபதி அபூ மன்சூர் பக்தகீனுக்குப் பெருமையும் வளமும் உண்டாகட்டும், இறைவன் அவர் ஆயுளை நீட்டிக்கட்டும்.

அந்தத் தளபதியை 961இல், கொராசானை ஆண்ட சாமானித் வம்சத்து மன்னரே கொல்லச் செய்தார். பட்டு மட்டும் பிழைத்து மேற்கே போய், 1134இல் வட பிரான்ஸில் சேன்-ஜோஸ் என்ற கிறித்தவப் புனிதரின் எலும்புகளைச் சுற்றும் துணியாயிற்று. சுற்றிய துறவிகளில் ஒருவருக்காவது அந்த வாழ்த்தைப் படிக்கத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.