நாஸ் பெட்டியில் ஹார்டு டிஸ்க் மாற்றுதல்: கேள்வி பதில்

வீட்டு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டி) டிஸ்க் மாற்றுவது, பெரிதாக்குவது, பழுதான டிஸ்கிலிருந்து மீள்வது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. இனி கேட்பவர்கள் மூன்று விஷயங்களைச் சேர்த்தே எழுதுங்கள்: பெட்டியில் எத்தனை டிஸ்க், எந்த ரெய்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை), பெட்டிக்கு வெளியே இன்னொரு நகல் இருக்கிறதா. மூன்றாவதற்கான விடையைப் பொறுத்துப் பல பதில்கள் மாறும்.

கேள்வி: இரண்டு டிஸ்க் பெட்டி, ரெய்டு 1 (ஒன்றில் இருப்பதே மற்றதிலும்), இரண்டும் 4 டிபி. 90 சதவீதம் நிரம்பிவிட்டது. இரண்டு 8 டிபி வாங்கியிருக்கிறேன். பழையது இரண்டையும் கழற்றிப் புதியது இரண்டையும் போட்டுவிடலாமா சார்?

கூடாது. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் பெட்டி காலியான புதுப் பெட்டியாகத்தான் எழும். ஒன்றை மாற்றி, அது முழுவதும் நகலாகி முடிந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

முதலில் முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு யுஎஸ்பி டிஸ்கில் நகலெடுங்கள். பெட்டியின் அமைப்புக் கோப்பையும், ஃபோல்டர்கள் என்கிரிப்ட் ஆகியிருந்தால் அதன் சாவிக் கோப்பையும் கணினியில் சேமியுங்கள். அடுத்து, மாற்றுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே டேட்டா ஸ்க்ரப்பிங்கும் (ரெய்டு எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) இரண்டு டிஸ்கிலும் ஸ்மார்ட் நீண்ட சோதனையும் (டிஸ்க் தன்னைத்தானே பரிசோதிப்பது) ஓட்டுங்கள். பலரும் விட்டுவிடும் படி இதுதான். ஒரு டிஸ்கைக் கழற்றியதும் மற்றதன் கடைசி செக்டார் (தரவு எழுதப்படும் சிறு துண்டு) வரை படித்தாக வேண்டும். வருடக்கணக்கில் யாரும் திறக்காத படங்கள் இருக்கும் இடத்தில் ஒரு செக்டார் கெட்டிருந்தால், அது தெரியவருவது அந்த நேரத்தில்தான். அப்போது பெட்டிக்குள் இரண்டாவது நகல் இருக்காது.

பிறகு ஸ்டோரேஜ் பக்கத்தில் டிஸ்க் 1-இன் சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்கை டிஆக்டிவேட் செய்து, ட்ரேயைப் பாதி இழுத்து, சுழற்சி நிற்க அரை நிமிடம் விட்டு, பிறகு முழுதாக வெளியே எடுங்கள். ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணின் கடைசி 4 எழுத்துகள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெட்டி ஓடும்போதே மாற்றும் வசதி எல்லா மாடலிலும் இல்லை. மூடியைத் திறந்து கேபிளில் செருகும் வகை என்றால் அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

புதியதைச் செருகி ரிப்பேர் கொடுங்கள். புதிய டிஸ்கில் நகலை எழுதும் இந்த வேலைதான் ரீபில்ட். கழற்றிய பழைய டிஸ்கை அழிக்காமல் ஒரு வாரமாவது தனியே வையுங்கள். ரெய்டு 1 என்பதால், கழற்றிய நேரம் வரையிலான முழு நகலும் அதில் இருக்கிறது.

கேள்வி: ரீபில்ட் எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தில் பெட்டியைப் பயன்படுத்தலாமா?

சராசரியாக நொடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தால் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம், 8 டிபிக்கு சுமார் 15 மணி நேரம். தொடக்கத்தில் வேகமாகவும் முடிவில் மெதுவாகவும் போகும். தட்டின் வெளிவட்டத்தைவிட உள்வட்டத்தில் வேகம் குறைவு, அதனால் பயப்பட வேண்டாம். பயன்படுத்தலாம், ஆனால் வீடியோ எழுதுவது, டவுன்லோடு, படங்களை இன்டெக்ஸ் செய்வது போன்றவற்றை நிறுத்தி வையுங்கள். ஹெட் அங்குமிங்கும் ஓடினால் 15 மணி நேரம் எளிதாக இரண்டு நாளாகும்.

கேள்வி: முதல் டிஸ்க் மாற்றி முடிந்தது. 8 டிபி போட்டும் இன்னும் 3.6 என்றுதான் காட்டுகிறது. போலி டிஸ்க் வாங்கிவிட்டேனா?

இல்லை. ரெய்டு 1-இல் இரண்டில் சிறியதன் அளவுதான் கிடைக்கும். இன்னொரு பக்கம் இன்னும் 4 டிபி இருக்கிறது. அதையும் மாற்றி, ரீபில்ட் முடிந்த பிறகு, பூலையும் (டிஸ்குகளைச் சேர்த்த மொத்த இடம்) வால்யூமையும் (அதில் கோப்புகள் வைக்கும் பகுதி) விரிவாக்கும் கட்டளையைத் தர வேண்டும். சில பெட்டிகள் தாமே செய்யும், பலவற்றில் நாம்தான் அழுத்த வேண்டும்.

எண் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. தயாரிப்பாளர் ஒரு டிபியை ஒரு லட்சம் கோடி பைட்டாக எண்ணுகிறார். பெட்டி 1024-இன் மடங்குகளில் எண்ணுகிறது. அதனால் 4 என்பது 3.64 ஆகவும், 8 என்பது 7.28 ஆகவும் தெரியும். சிஸ்டம் பார்ட்டிஷன் எடுத்துக்கொள்வது போக இன்னும் கொஞ்சம் குறையும்.

கேள்வி: எந்த டிஸ்க் வாங்குவது? சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று குழப்புகிறார்கள்.

இரண்டும் டிஸ்கில் தடங்களை எழுதும் முறைகள். நாஸுக்கு சிஎம்ஆர்தான், அதில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தைத் திருத்த, பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். அன்றாடப் பயன்பாட்டில் இது தெரியாது, ஏனென்றால் டிஸ்கிலேயே ஒரு தற்காலிக இடம் அதை மறைத்துவிடும். மணிக்கணக்கில் நிற்காமல் எழுதும் ரீபில்டில் அந்த இடம் நிரம்பி, வேகம் படுத்துவிடும். சில நேரம் டிஸ்க் பதில் சொல்லாமல் நின்று, ரெய்டிலிருந்தே வெளியே தள்ளப்படும்.

2020-இல் பெரிய சர்ச்சை ஆனது இதுதான். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது வெளியே சொல்லப்படாமல் விற்கப்பட்டது தெரியவந்தது. அதன் பிறகு பெயரைப் பிரித்தார்கள்: ரெட் பிளஸ், ரெட் ப்ரோ இரண்டும் சிஎம்ஆர். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர். பாரகுடாவில் பல மாடல்கள் எஸ்எம்ஆர். பெயரை மட்டும் நம்பாமல் முழு மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டில் தேடிப் பாருங்கள்.

எண்டர்பிரைஸ் (நிறுவனங்களுக்கான) டிஸ்க் வாங்குவதாக இருந்தால் சாட்டா (வீட்டுக் கணினிகளில் இருக்கும் இணைப்பு) வகையா என்று பாருங்கள். அதே மாடல் சாஸ் (சர்வர்களுக்கான இணைப்பு) வகையிலும் வரும். அது வீட்டு நாஸின் சாக்கெட்டில் ஏறவே ஏறாது. சத்தமும் கூடுதல். படுக்கும் அறையில் பெட்டி இருந்தால் யோசித்து வாங்குங்கள்.

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் இருந்த டிஸ்க் சும்மா கிடக்கிறது. அதைப் போட்டால் என்ன ஆகும்?

ஓடும். பிரச்சினை ஒரு செக்டார் கெடும் நாளில் வரும். டெஸ்க்டாப் டிஸ்க் தனி ஆளாக இருக்கிறோம் என்று எண்ணி, அந்த ஒரு செக்டாரை மீட்க நிமிடக்கணக்கில் போராடும். நாஸ் டிஸ்க் சுமார் 7 நொடியில் விட்டுவிட்டுப் பிழையைச் சொல்லும். ரெய்டு மற்ற டிஸ்கிலிருந்து அந்தத் தரவை எடுத்துக்கொள்ளும். போராடிக்கொண்டே இருக்கும் டிஸ்கை ரெய்டு செத்துவிட்டதாக எண்ணி வெளியே தள்ளும். நல்ல டிஸ்க், ஒரு செக்டாருக்காகப் பறிபோகும். இரண்டாம் நகல் வைக்கும் யுஎஸ்பி டிஸ்காக அதைப் பயன்படுத்துங்கள், அந்த வேலைக்கு அது போதும்.

கேள்வி: ஸ்மார்ட் பட்டியலில் 197 என்ற வரிசையில் 8 என்று இருக்கிறது. பெட்டி நிலைமை நார்மல் என்கிறது. மாற்றணுமா அண்ணா?

197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை. 8 என்று வருவது பெரும்பாலும் 4096 பைட் கொண்ட ஒரே ஒரு நிஜ செக்டார். டிஸ்க் அதை 512 பைட் கணக்கில் எட்டாகச் சொல்கிறது. ஸ்க்ரப்பிங் ஓட்டினால் ரெய்டு அந்த இடத்தை மீண்டும் எழுதும். எழுதியபின் 197 பூஜ்யமாகி, 5-ஆம் வரிசையும் ஏறாவிட்டால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். 5 ஏறினால் டிஸ்க் தன் உதிரி இடத்திலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறது என்று பொருள். ஒருமுறை ஏறி நின்றுவிட்டால் பரவாயில்லை. வாரா வாரம் ஏறினால், அல்லது 198-உம் (மீட்க முடியாத செக்டார்கள்) சேர்ந்து ஏறினால், பெட்டி நார்மல் என்றாலும் மாற்றிவிடுங்கள்.

199 மட்டும் ஏறினால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள். அது கேபிள், சாக்கெட் தொடர்புப் பிழை. ட்ரேயை எடுத்து மீண்டும் நன்றாக அழுத்திச் செருகுங்கள். அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது. மேலே ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் இரண்டு டிஸ்கும் ஒரே நேரத்தில் காணாமல் போகிறது. மறுபடி ஆன் செய்தால் வருகிறது. இரண்டையும் மாற்ற வேண்டுமா?

முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஒன்றுக்கு சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். ஓடும்போது அதில் கால் பங்கு போதும். பழசான அடாப்டர் ஓட்டத்தைத் தாங்கும், தொடக்கத்தில் படுத்துவிடும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், பிளக்கின் பாசிட்டிவ் நெகட்டிவ் திசையும் அதே இருக்க வேண்டும். சோதிக்கிறேன் என்று ஒரு டிஸ்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்யாதீர்கள். ரெய்டு உடைந்து, தேவையில்லாமல் முழு ரீபில்ட் செய்ய நேரும்.

கேள்வி: ஒற்றை டிஸ்க் பெட்டி. புது டிஸ்க் போட்டேன், விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருக்கிறது, நெட்வொர்க்கில் வரவே இல்லை.

சில ஒற்றை டிஸ்க் பெட்டிகளில் இயங்குதளமே அந்த டிஸ்கில்தான் இருக்கிறது. காலி டிஸ்கைப் போட்டால் எழுவதற்கு எதுவும் இல்லை. பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் இரண்டையும் ஒரு கணினியில் இணைத்து, செக்டாருக்கு செக்டார் குளோன் செய்து போடுங்கள். பிறகு கடைசிப் பார்ட்டிஷனை விரிவாக்கலாம். வேறு வகைப் பெட்டிகளில் தயாரிப்பாளரின் தேடும் செயலி காலி டிஸ்கைக் கண்டு இயங்குதளத்தை நிறுவித் தரும். ரௌட்டரோடு கேபிளில் இணைத்துவிட்டு அதை முதலில் முயலுங்கள்.

கேள்வி: நான்கு டிஸ்க், ரெய்டு 5. மூன்றாவது செத்துவிட்டது. புதிய டிஸ்க் வந்துவிட்டது, ஆனால் இப்போது ஒன்றாவது டிஸ்கிலும் எச்சரிக்கை. வெளியே நகல் இல்லை. ரிப்பேர் கொடுக்கவா?

கொடுக்காதீர்கள். புதிய டிஸ்கை இன்னும் செருகக்கூட வேண்டாம். சில பெட்டிகள் கண்டவுடன் தானே ரீபில்டைத் தொடங்கும்.

ரெய்டு 5 ஒரு டிஸ்க் செத்தால் தாங்கும், இரண்டு செத்தால் தாங்காது. ரீபில்ட் மீதி மூன்றையும் தொடக்கம் முதல் முடிவு வரை படிக்கும். ஒன்றாவது டிஸ்க் நடுவில் விழுந்தால் வால்யூம் முழுவதும் போகும். அதனால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: குடும்பப் படங்கள், ஆவணங்கள், கணக்குகள். சினிமாப் படங்களும் பாட்டும் கடைசியில். ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள், ஒரே இழுப்பில் வேண்டாம்.

எடுக்கும்போதே டிஸ்க் திணறினால் பெட்டியை அணையுங்கள். ஒன்றாவது டிஸ்கையும், அதே அளவுள்ள புதிய டிஸ்கையும் லினக்ஸ் கணினியில் நேரடி சாட்டா கேபிளில் இணைத்து, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ (கெட்ட டிஸ்கிலிருந்து நகலெடுக்கும் நிரல்) கொண்டு குளோன் செய்யுங்கள். எது மூலம், எது இலக்கு என்பதைச் சீரியல் எண்ணைப் பார்த்து இருமுறை உறுதிசெய்யுங்கள். முதல் சுற்றில் கெட்ட இடங்களைத் தாண்டி நல்ல இடங்களை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில் கெட்ட இடங்களை மூன்று முறை முயலச் சொல்லுங்கள். மேப் கோப்பை (எதுவரை எடுத்தது என்ற குறிப்பு) மூன்றாவது ஒரு டிஸ்கில் வையுங்கள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்கின் மேல் ஒரு ஃபேன் காற்று படட்டும்.

முடிந்ததும் குளோனை ஒன்றாவது இடத்தில் போட்டு, மூன்று டிஸ்கோடு ஏற்றி, எல்லாவற்றையும் வெளியே நகலெடுங்கள். அதன் பிறகே மூன்றாவது இடத்துக்கு இன்னொரு புதிய டிஸ்க். படிக்க முடியாமல் போன இடங்கள் குளோனில் வெறுமையாக இருக்கும், ரெய்டு அதைப் பிழை என்று சொல்லாது. ஆகவே முக்கியக் கோப்புகளைத் திறந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டும். செத்ததாகச் சொல்லப்பட்ட மூன்றாவது டிஸ்கையும் எல்லாம் முடியும் வரை எறியாதீர்கள்.

கேள்வி: கழற்றிய டிஸ்கை விண்டோஸில் மாட்டினேன். இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கிறது.

கேன்சல் அழுத்துங்கள். சரி என்றால் பார்ட்டிஷன் அட்டவணையின் மேல் புதிதாக எழுதிவிடும். பெரும்பாலான நாஸ் பெட்டிகளில் லினக்ஸின் ரெய்டும், அதன் மேல் எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் அமைப்பும் இருக்கும்; விண்டோஸுக்கு அது புரியாது. லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் கணினியை எழுப்பி, எம்டிஅட்மின் (லினக்ஸின் ரெய்டு நிரல்) கொண்டு ரெய்டைச் சேர்த்து, படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்யுங்கள். ரெய்டு 1 என்றால் ஒரே டிஸ்கில் எல்லாம் கிடைக்கும். ரெய்டு 5-இல் ஒற்றை டிஸ்கால் பயனில்லை.

கேள்வி: பழைய பெட்டியில் 18 டிபி போடலாமா?

தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலைப் பாருங்கள். பழைய 32 பிட் பெட்டிகள் சிலவற்றில் டிஸ்க் தெரிந்தாலும் ஒரு வால்யூம் 16 டிபியைத் தாண்டாது. நாஸ் தயாரிப்பாளரான சினாலஜி 2025-இல் வந்த தன் பிளஸ் மாடல்களில் தான் அங்கீகரித்த டிஸ்குகளை மட்டுமே ஏற்கும்படி செய்தது. எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு அக்டோபரில் தன் இயங்குதளமான டிஎஸ்எம் 7.3-இல் ஹார்டு டிஸ்குகளுக்கு அதைத் தளர்த்தியது. அந்த வரிசைப் பெட்டி என்றால் முதலில் அப்டேட் செய்யுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டி போட்டால் வேகம் கூடுமா?

ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு சுமார் 110 எம்பிதான் போகும். பெரிய கோப்புகளுக்கு ஹார்டு டிஸ்கே அந்த அளவை எட்டிவிடும். பெட்டிக்குள்ளேயே டேட்டாபேஸ், கண்டெய்னர் ஓட்டினால் மட்டும் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: புது டிஸ்கில் நடு ஸ்க்ரூ துளையே இல்லை!

பெரிய கொள்ளளவு டிஸ்குகள் பலவற்றில் நடுத் துளைகள் இருக்காது. ஓரத் துளைகளில் மாட்டுங்கள். 3.5 அங்குலத்துக்குப் பெரிய புரி ஸ்க்ரூ, 2.5-க்கு எம்3, மாற்றிப் போட்டு முறுக்கினால் புரி போய்விடும்.

கேள்வி: அவசரம் சார். ரெய்டு 5-இல் செத்த டிஸ்க்குக்குப் பதிலாக நல்ல டிஸ்கை இழுத்துவிட்டேன். வால்யூம் கிராஷ்டு என்கிறது. என்ன செய்வது?

திரையில் வரும் எந்தப் பட்டனையும் அழுத்தாதீர்கள், முக்கியமாகப் புதிதாக உருவாக்கு, ஃபார்மேட் என்பவற்றை. தரவு இன்னும் டிஸ்குகளில்தான் இருக்கிறது. பெட்டியை முறையாக அணையுங்கள். இழுத்த டிஸ்கை அதே இடத்தில் அழுத்திச் செருகி ஆன் செய்யுங்கள். பல பெட்டிகள் தாமே சேர்த்துக்கொள்ளும், அல்லது மீண்டும் இணைக்கவா என்று கேட்கும், இணைக்கச் சொல்லலாம். சேரவில்லை என்றால் எம்டிஅட்மினில் ஒவ்வொரு டிஸ்கின் ஈவென்ட் எண்ணை (ரெய்டில் மாற்றம் நடக்கும்போது கூடும் கணக்கு) பாருங்கள். செத்த டிஸ்கை விட்டுவிட்டு, மீதியில் அந்த எண் மிகச் சிறிதளவே வித்தியாசப்பட்டால் வலுக்கட்டாயமாகச் சேர்க்க முடியும். வெகுவாக வேறுபட்டால் நிறுத்திவிட்டு எண்களை இங்கே எழுதுங்கள். வால்யூம் எழுந்தால் ரிப்பேருக்கு முன் நகல் எடுங்கள்.

செத்த டிஸ்கைக் கண்டுபிடிக்க, பெட்டியை அணைத்துவிட்டு ட்ரேக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சீரியல் எண்ணைப் பாருங்கள். பார்த்த கையோடு கடைசி 4 எழுத்துகளை ட்ரேயின் முகப்பில் ஒட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்பச் செருகுங்கள்.