கரண்ட் பில் யார் கட்டுவது? வீட்டிலிருந்து வேலை: கேள்வி பதில்

செங்கோட்டையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றின் சம்பளக் கணக்கைப் பார்க்கிறவன் நான். 2020 மார்ச்சில் இரண்டு வாரத்துக்கு என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பை இன்னும் பரண்மேல் கிடக்கிறது. தென்காசிப் பக்கமிருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்கு இங்கே பதில்.

ஆரியங்காவு, பி.காம். முடித்தவர்: வீட்டிலிருந்தே கஸ்டமர் கேர் வேலை தருகிறார்கள். தமிழும் மலையாளமும் பேசுவேன். இது நிஜ வேலைதானா அண்ணாச்சி?

இப்படி நிஜ வேலைகள் உண்டும்மா. கால் சென்டர்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை வைத்திருந்த கெடுபிடிகளை 2020 நவம்பரில் தளர்த்தினார்கள், 2021 ஜூனில் இன்னும் கொஞ்சம். வீட்டில் இருக்கிற ஆளையும் கம்பெனியின் ஒரு இருக்கையாகக் கணக்கில் எடுப்பது அதில்தான் சுலபமானது. இரண்டு மொழியும் தடுமாறாமல் பேசுவது மலையடிவாரத்து ஆட்களுக்குச் சொத்து. சம்பளம் பேசும்போது அதைச் சொல்லக் கூச்சப்படாதே.

சேருமுன் மெயிலில் கேள்: நெட்டுக்குக் காசு யார் தருவது, ஹெட்செட் யாருடையது, கரண்ட் போன நேரத்துக்குச் சம்பளம் பிடிப்பார்களா. கடைசிக் கேள்விதான் முக்கியம். ஆடிச் சாரலில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை லைன் போகும் என்று உனக்கே தெரியும். போனில் "பார்த்துக்கலாம்" என்று சொன்னதெல்லாம் சம்பள சிலிப்பில் ஏறாது. அந்த சிலிப்பைப் போடுகிற ஆள் சொல்கிறேன்.

இலஞ்சி வாசகர்: இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனால் மீட்டிங் அறுந்துபோகிறதே?

லேப்டாப்புக்கு அதன் பேட்டரி இருக்கிறது. அறுவது சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டி. இன்வெர்ட்டருக்கு மாறுகிற அந்தக் கண்ணிமைப்பில் அது அணைந்துவிடும். திரும்ப எழுந்து லைன் பிடிப்பதற்குள் மீட்டிங்கில் நம்மைக் காணோம் என்று தேடுவார்கள். இதற்கென்றே கைக்கடக்கமான சின்ன யு.பி.எஸ். விற்கிறது. பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்; இருந்தாலும் அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட், ஆம்பியரைப் பார்த்தே வாங்குங்கள்.

மரம் விழுந்து கேபிளே அறுந்தால் அதுவும் உதவாது. வேறு கம்பெனி சிம் ஒன்று வேண்டும், வீட்டின் எந்த மூலையில் அது எடுக்கிறது என்று வெயில் நாளிலேயே பார்த்து வைக்க வேண்டும். எனக்கு மாடிப்படியில்தான் எடுக்கும். மேலே தகரக் கூரை. சாரல் விழுந்தால் மைக்கில் அப்பளம் பொரிக்கிற சத்தம். ஒரு தடவை ஹைதராபாத் மேலதிகாரி, "சாப்பாட்டு நேரமா?" என்று கேட்டுவிட்டார்.

தென்காசி, மென்பொருள் ஊழியர்: ஐந்து நாளும் ஆபீஸ் வரச் சொல்கிறார்கள். மறுக்க உரிமை உண்டா?

வேலை உத்தரவை எடுத்து, பணியிடம் என்று என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சென்னை என்றிருந்தால் பிடி அவர்கள் கையில். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை எல்லோருக்கும் உரிமையாகத் தருகிற சட்டம் நம் நாட்டில் இல்லை. 2017 மகப்பேறுச் சட்டத் திருத்தம்கூட, விடுப்பு முடிந்த தாய்க்கு இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் தரலாம் என்றுதான் சொன்னது. 2025க்குள் 25 சதவீத ஆட்கள் ஆபீஸில் இருந்தால் போதும் என்று 2020ல் அறிவித்த டி.சி.எஸ்., 2023 அக்டோபரில் ஐந்து நாளும் வரச் சொன்னது. அறிவிப்பை நம்பி ஊரில் வீடு கட்டக் கூடாது.

பேரம் பேச ஒரு சரக்கு உண்டு. சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,600 பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வு 2024ல் நேச்சர் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்த்தவர்களின் வேலைத்தரம் குறையவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். ஒரேயடியாக ஐந்து நாளும் மறுப்பதைவிட, இரண்டு நாள் கேட்பது எடுபடும்.

கடையநல்லூர் வாசகி: லேப்டாப்பில் இருந்தாலும், "வீட்டில் சும்மாதானே இருக்கே" என்று மாமியார் வேலை ஏவுகிறார்.

கேள்வி மாமியாரைப் பற்றி வந்தாலும் பதில் உங்கள் வீட்டுக்காரருக்கு. அவரும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கதவு வைத்த அறை அவருக்கு, அடுக்களை மேசை உங்களுக்கு என்றால் மாமியார் கண்ணுக்கு யார் வேலையில் இருப்பதாகத் தெரியும்? ஒரு மாதம் இடம் மாற்றி உட்காருங்கள். காபி கேட்டு வருகிற குரல் யார் பக்கம் போகிறது என்று அவரே பார்க்கட்டும்.

செங்கோட்டை வாசகர்: அப்பா வீட்டில் இருந்து வேலை. வாடகைப்படிக்கு வரிச்சலுகை கிடைக்குமா?

பழைய வரி முறையில் இருந்தால் கிடைக்கும். புதிய முறையில் கிடையாது. வீடு அப்பா பேரில் இருக்க வேண்டும், வாடகை நிஜமாகவே அவர் கணக்குக்குப் போக வேண்டும், அவர் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். வருடத்துக்கு ஒரு லட்சம் தாண்டினால் அவருடைய பான் எண்ணும் கேட்பார்கள். கம்பெனி சென்னையில் என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் உச்சவரம்பு என்று நினைக்காதீர்கள். குடியிருக்கும் ஊர்தான் கணக்கு, நமக்கு 40.

புளியரை, ஒரு தாய்: 2020ல் மகன் ஒன்றாம் வகுப்பு. இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்கிறான்.

இது உங்கள் பிள்ளையின் குறை இல்லை அம்மா. அந்த ஜூன் 1ஆம் தேதியே கேரளத்தில் விக்டர்ஸ் டி.வி.யில் பாடம் தொடங்கியது, இங்கே அதற்கப்புறம் கல்வித் தொலைக்காட்சியில். போன் வழியாகவும் பாடம் வந்தது. ஆனால் போனை அப்பா மரக்கடைக்குக் கொண்டுபோய்விட்டால் பிள்ளைக்கு என்ன பாடம்? சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1, மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே நாள். உங்கள் மகன் வகுப்பறையைப் பார்த்ததே இரண்டாம் வகுப்பில்தான். எழுத்துக் கூட்டும் வருடம் அப்படியே போய்விட்டது. அந்த இடைவெளிக்காகத்தான் இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டங்கள் வந்தன.

என் அக்கா மகனும் அதே வயது. கடகடவென்று வாசிப்பான். ஒருநாள் பாடத்தின் படத்தைக் கையால் மூடினேன், நின்றுவிட்டான். முதல் எழுத்தையும் படத்தையும் வைத்து ஊகித்துக்கொண்டிருந்திருக்கிறான். அதற்கப்புறம் தினம் பத்து நிமிடம், படமே இல்லாத பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, அரிசிப் பை என்று வாய்விட்டு வாசிக்கவைத்தோம். நான்கு மாதத்தில் தேறினான். போனில் செயலி எதையும் தேடாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் 150 ரூபாய். முதலில் தந்தார்கள், இப்போது 5,000 கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் இதை மூடிவிட்டு உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் போடுங்கள்.

குற்றாலம் ரோடு, ஜெராக்ஸ் கடைக்காரர்: மாடியில் மேசை போட்டால் லேப்டாப்காரர்கள் வருவார்களா?

மத்தளம்பாறையில் ஜோஹோ வந்த பிறகு இங்கே இதெல்லாம் புதுமை இல்லை, வருவார்கள். ஏ.சி.யை அப்புறம் பாருங்கள். இரண்டு வேறு கம்பெனி நெட், அதுவும் வேறு வேறு கம்பம் வழியாக வருவதாக. போன் பேச ஒரு சின்ன அடைப்பு அறை. பெண்களுக்குத் தாழ்ப்பாள் ஒழுங்காக உள்ள கழிப்பறை. இது இல்லாமல் பாதி வாடிக்கை வராது. அமெரிக்க ஷிப்ட்காரர்கள் இரவு பதினோரு மணிக்கும் இருப்பார்கள், ஷட்டரை யார் இறக்குவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். முதல் மாதம் என்னிடம் வாடகை வாங்கிக்கொள்ளலாம். தகரக் கூரை இல்லையே?

பண்பொழி வாசகர்: நீங்கள் சென்னைக்கே திரும்பிவிடுவீர்களா?

மாதம் ஒரு தடவை கூப்பிடுகிறார்கள், பொதிகை எக்ஸ்பிரஸில் போய் வருகிறேன். போகிற சாயங்காலம் பிரானூரில் பார்டர் பரோட்டா பார்சல் வாங்காமல் ரயில் ஏற முடியாது, ஆபீஸில் கேட்பார்கள். 1956 நவம்பர் 1க்கு முன்னால் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, எல்லை பிரானூரில். எல்லை மலைக்குப் போய் எழுபது வருடம் ஆகப்போகிறது, கடைக்கு இன்னும் அதே பெயர்தான். போன மாதம் பதினாறு பரோட்டா. காசு இன்னும் வசூலாகவில்லை.