ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னா அது நடிப்பாகிடுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தம்பி பொண்டாட்டிக்கு 24 வயசு. ஆறு மாசமா வீட்ல ஏதாவது சண்டை சத்தம்னா பொத்துனு விழுந்துடுறா, கை கால் இழுத்துக்குது, கால் மணி நேரம் ஆனாலும் கண்ண தொறக்க மாட்டேங்குறா. ஒருதடவ விழுந்து எழுந்ததுக்கப்புறம் ரெண்டு நாள் இடது காலே வரல. தர்மபுரில ஸ்கேன் எடுத்தோம், ஒண்ணுமில்லன்னுட்டாங்க. வேலைக்கு டிமிக்கி குடுக்க நடிக்கிறான்னு எங்கம்மா கன்னத்துல அறைஞ்சுட்டாங்க. நடிப்பா இல்லையானு எப்படி கண்டுபிடிக்கிறது?
பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: முதல்ல அந்த அடி நிக்கணும்ங்க, மத்ததெல்லாம் அப்புறம்தான். அடுத்த தடவ விழுந்தா கைல சாவிக்கொத்து திணிக்கிறது, வாய்ல தண்ணி ஊத்துறது எதுவும் வேண்டாம், ஒருக்களிச்சு படுக்க வையுங்க, பக்கத்துல இடிக்கிற சாமான நகத்துங்க, யாராவது ஒருத்தர் போன்ல வீடியோ எடுங்க. அந்த வீடியோ டாக்டருக்கு ஸ்கேனவிட உதவும். என்ன வகைன்னு தெரியுற வரைக்கும், அஞ்சு நிமிஷத்த தாண்டினா ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போயிடுங்க.

இங்க உக்காந்துக்கிட்டு நான் நோய முடிவு பண்ண முடியாது. ஆனா கண்ண மூடிக்கிட்டே ரொம்ப நேரம் இழுக்குறதுன்னு நீங்க எழுதுனத பாத்தா ஃபங்ஷனல் வலிப்பா, அதாவது மூளைல காயம் கட்டி எதுவும் இல்லாம அது வேலை செய்யுற விதம் தடுமாறுறதால வர்ற வலிப்பா இருக்கலாம்னு தோணுது, ஏன்னா சாதாரண கால் கை வலிப்புல பெரும்பாலும் கண்ணு தொறந்திருக்கும், ரெண்டு மூணு நிமிஷத்துல தானா அடங்கிடும். ஸ்கேன் மூளை எப்படி இருக்குன்னுதான் காட்டும், அது அந்த நேரத்துல எப்படி வேலை செய்யுதுன்னு காட்டாது. உறுதி பண்ண வீடியோ இஇஜினு ஒரு டெஸ்ட் இருக்கு, இழுக்குற நேரத்துல மூளையோட மின் ஓட்டத்தையும் ஆளையும் சேர்த்து பதிவு பண்ணுவாங்க. சிலருக்கு ரெண்டு வகை வலிப்பும் சேர்ந்தே இருக்கும், அதனால மாத்திர குடுத்திருந்தா நீங்களா நிறுத்திடாதீங்க.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். லீவுக்காகவோ இன்சூரன்ஸ் காசுக்காகவோ போலீஸ் கேஸ்ல இருந்து தப்பிக்கவோ ஒருத்தர் தெரிஞ்சே நோய்னு பொய் சொன்னா அது நோயே இல்லன்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. ஃபங்ஷனல் பிரச்சினை அது கிடையாது. அந்தப் பொண்ணு விழணும்னு நெனச்சு விழல, கால தூக்கணும்னு நெனச்சா கால் வர மாட்டேங்குது. இதுக்கு ஹூவர்னு ஒரு டாக்டர் 1908ல சொன்ன பரிசோதனை இன்னிக்கும் நடக்குது. வராத கால கீழ அழுத்துன்னா அழுத்த வராது, ஆனா நல்ல கால தூக்க சொல்லி மேல இருந்து கைய வச்சு தடுத்தா, வராத காலு அதுவா கீழ அழுத்தும். நரம்பு கெடல, வேணும்னு நெனைக்கிறப்ப மட்டும் வழி அடைபடுதுன்னு அதுல தெரியும். இத நடிப்புக்கு சாட்சியா எடுத்துக்கக் கூடாது, கால் திரும்ப வரும்னு அந்தப் பொண்ணுக்கே காட்டி நம்பிக்கை குடுக்க வேண்டிய விஷயம் இது.

சண்டை வந்தா விழுறான்னு எழுதுனீங்க, வீட்ல என்ன சண்டைன்னு ஒரு வரி கூட எழுதல. அத அந்தப் பொண்ணுகிட்ட தனியா, மாமியார் புருஷன் யாரும் இல்லாதப்ப கேளுங்க. நரம்பு டாக்டரையும் மனநல டாக்டரையும் சேர்த்து பாக்கணும், தாயத்து கட்டிக்கிட்டு மாசத்த ஓட்டாதீங்க.

கேள்வி: மாமியாருக்கு இடுப்பு வலி, முட்டி வலின்னு தினமும் ஒப்பாரி. ஆனா விசேஷ வீட்டுக்கு போனா வலியே இல்லாம மூணு மணி நேரம் பேசிக்கிட்டு உக்காந்திருக்காங்க. எக்ஸ்ரேல பெருசா ஒண்ணுமில்ல. ஜாஸ்தி பண்றாங்களா?
ஒரு மருமகள், பென்னாகரம் பக்கம்

பதில்: ஜாஸ்தி பண்ணலாம்மா, ஆனா வலி பொய்னு அர்த்தமில்ல. மனசு வேற பக்கம் போனா வலி நிஜமாவே குறையும், சொந்தக்காரங்களோட சிரிச்சு பேசுறப்ப அவங்களுக்கு நடந்தது அதான். சொன்னத யாரும் காதுல வாங்கலன்னா மனுஷங்க சத்தத்த கூட்டுவாங்க, பத்துக்கு அஞ்சு வலிய ஒம்பதுன்னு சொல்லுவாங்க.

அதவிட நம்ம ஜில்லால முக்கியமான இன்னொண்ணு இருக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தின்னு ஊருக்கே தெரியும், அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு, 2013ல தொடங்கி வச்சாங்க. அதுக்கு முன்னாடி உங்க மாமியார் எத்தன வருஷம் அந்த போர் தண்ணி குடிச்சாங்கன்னு கேளுங்க. எலும்புல சேந்த ஃபுளோரைடு சீக்கிரம் வெளிய போகாது, ஆரம்பத்துல மூட்டு வலியும் விறைப்பும்தான் இருக்கும், எக்ஸ்ரேல தெளிவா தெரியாமலும் போகலாம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம தாண்டுன தண்ணிய குடிக்கக் கூடாது, கொதிக்க வச்சாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணிய டெஸ்டுக்கு குடுங்க, டாக்டர்கிட்ட ஃபுளோரோசிஸா, அதாவது ஃபுளோரைடு சேர்றதால வர்ற நோயானு பேர சொல்லியே கேளுங்க.

கேள்வி: எனக்கு 29 வயசு, ஓசூர்ல ரூம் எடுத்து தங்கி வேலை பாக்குறேன். இல்லாத காய்ச்சலயும் நெஞ்சு வலியயும் சொல்லி வேற வேற ஆஸ்பத்திரில அட்மிட் ஆகுறேன். காசுக்காக இல்ல. நர்ஸ் வந்து நெத்தில கை வச்சா அன்னிக்கு தூக்கம் வருது. பொய்னு தெரியுது, விட முடியல.
பெயர் போட வேண்டாம்

பதில்: இத எழுத உங்களுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு எனக்கு புரியுதுங்க. ரிச்சர்ட் ஆஷர்ங்கற இங்கிலாந்து டாக்டர் 1951லயே இத தனியா எழுதி முன்சாசன் சிண்ட்ரோம்னு பேர் வச்சாரு. அவர் எழுதுனது ஊர் ஊரா ஆஸ்பத்திரி மாறுற தீவிரமான ஆளுங்கள பத்தி, நீங்க அந்த அளவுக்கு போகும் முன்னாடியே சொல்லிட்டீங்க. காசுக்கு பொய் சொல்றது நோயில்லன்னு மேல சொன்னேன், ஆனா லாபமே இல்லாம நோயாளியா இருக்கணும்னு தோணுறது சிகிச்சை தேவைப்படுற மனநலப் பிரச்சினை.

எனக்கு பயம் எதுலன்னா, தேவையில்லாத ஊசி, மருந்து, சில நேரம் ஆபரேஷன் வரைக்கும் உடம்பு தாங்கணும், அப்புறம் நிஜமா நெஞ்சு வலி வர்ற அன்னிக்கு டாக்டருக்கு குழப்பமாகும். அதனால இனிமே ஒரே டாக்டர வச்சுக்குங்க. மருந்தவிட பேச்சு சிகிச்சைதான் இதுக்கு முக்கியம். முகம் பாத்து சொல்ல கூச்சமா இருந்தா எனக்கு எழுதுன இந்த நாலு வரியவே ஒரு பேப்பர்ல எழுதி மனநல டாக்டர் கைல குடுங்க. அதுக்கும் முன்னாடி யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண். 24 மணி நேரமும் இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். நெத்தில கை வைக்க ஆள் வேணும்னு தோணுற ராத்திரியிலயும் அந்த நம்பருக்கு பேசலாம், அதுக்கு காய்ச்சல் இருக்கணும்னு இல்ல.