ஆறு இலக்கக் கையெழுத்து

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் சின்னதாக ஒரு வரி ஆலோசனை அலுவலகம் வைத்திருக்கிறேன். நான் ஆடிட்டர் இல்லை. ஆனால் எல்லோரும் ‘ஆடிட்டர் மேடம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏழு வருஷமாக இதுதான் தொழில். இந்த வருஷம், 2025-இல், வெறுத்துவிட்டது.

வருமான வரிக் கணக்கை (ரிட்டர்ன்) தாக்கல் செய்யும் ஜூலை 31 கெடுவை செப்டம்பர் 15-க்குத் தள்ளியதும், ‘அதான் டைம் இருக்கே’ என்று எல்லோரும் போய்விட்டார்கள். செப்டம்பர் 12-ஆம் தேதி மொத்தமாக வந்து நின்றார்கள். கம்பெனி கொடுக்கும் சம்பள, வரிச் சான்றான ஃபார்ம் 16-ஐப் பாதி வெட்டுப்பட்ட போட்டோவாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பேங்க் வட்டி ஏதாவது உண்டா என்று கேட்டால் இல்லவே இல்லை என்கிறார்கள். ஒருவரின் வட்டி, வரவுகளை வரித்துறையே திரட்டிக் காட்டும் ஏஐஎஸ்ஸைத் திறந்தால் மூன்று பேங்கில் எஃப்டி இருக்கிறது. ‘பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரியே கிடையாதுன்னு டிவில சொன்னாங்களே, நீங்க ஏன் கட்டச் சொல்றீங்க?’ என்று சண்டைக்கு வருகிறார்கள். ‘என் ஃப்ரெண்டுக்கு ஒருத்தர் நாப்பதாயிரம் ரீஃபண்ட் வாங்கிக் குடுத்தாரு, உங்களால முடியாதா?’ என்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஓடிபி கேட்டுக் கூப்பிட்டால் எடுப்பதில்லை, எடுத்தால் எரிந்து விழுகிறார்கள். இந்தத் தொல்லைக்காகவே ஒரு எழுபது பேருக்கு நானே ஈமெயில் ஐடி உண்டாக்கி, பாஸ்வேர்டையும் நானே வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். இவ்வளவுக்கும் பிறகு, ஐநூறு ரூபாய் கைக்கு வர மூன்று மாதம்.

கட்டணத்தைக் கூட்டினால் ஆட்கள் போய்விடுவார்களா? கடைசி வாரத்தில் வருபவர்களைத் திருப்பி அனுப்பலாமா? இல்லை, இதை விட்டுவிட்டு ஏதாவது கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போய்விடலாமா? நீங்கள் மதுரையில் ஒரு வரி ஆலோசகரிடம் குமாஸ்தாவாக இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் செப்டம்பர் 17 அதிகாலை நாலரை மணிக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. நேரத்தைப் பார்த்ததும் முதலில் கேட்கத் தோன்றியது, தூங்கினீர்களா என்றுதான். 15-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி இன்னும் ஒரு நாள் நீட்டித்தார்களே, அந்த அறிவிப்பைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட்டிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். படுக்கப் போனவர் திரும்ப எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

வரித்துறையின் போர்ட்டல் பற்றி நீங்கள் எழுதியிருந்த இரண்டு பத்திகளைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். 2021 ஜூன் 7-ஆம் தேதி புதிய தளம் வந்ததிலிருந்து எல்லோரும் பேசித் தீர்த்த விஷயம் அது. தவிர, குற்றம் முழுவதும் அதன் தலையில் இல்லை. 2024-இல் ஜூலை 31 வரை தாக்கலான ரிட்டர்ன்கள் 7.28 கோடி. அதில் 69.92 லட்சம் அந்தக் கடைசி ஒரே நாளில் வந்தவை. கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். அன்று மாலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். இப்படி ஒரு கூட்டம் ஒரே நேரத்தில் முட்டினால் எந்த வாசலும் திணறும்.

பன்னிரண்டு லட்சக்காரர்களுக்கு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 2025 பட்ஜெட்டில் சொன்னது 2025 ஏப்ரலிலிருந்து சம்பாதிக்கும் பணத்துக்கு. இப்போது தாக்கல் செய்தது அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கு. அதில் புதிய வரி முறையில் ஏழு லட்சம் வரைக்கும்தான் அந்தத் தள்ளுபடி. இதை ஒவ்வொருவரிடமும் தொண்டை கட்டச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கட்டணத்தைக் கூட்டுங்கள். இதற்கு என்னிடம் கேட்கவே வேண்டாம். கடைசி வாரத்தில் வருபவர் தாமதமானால் ஐயாயிரம் ரூபாய் தாமதக் கட்டணம் கட்டுவார், மொத்த வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் ஆயிரம். அரசாங்கத்துக்கு அதைக் கட்டத் தயாராக இருப்பவர் உங்களுக்கு ஐநூறு கொடுக்க மூன்று மாதம் இழுப்பதை நீங்கள் ஏழு வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது உங்கள் தப்பு.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எழுபது பேருக்கு நானே ஈமெயில் ஐடி உண்டாக்கி, பாஸ்வேர்டையும் நானே வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன் என்று. அதை ஒரு கஷ்டமாக, உங்கள் உழைப்பின் ஒரு பகுதியாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் இதை எழுதுகிறேன், அப்படியும் கோபம் தீரவில்லை.

அந்த எழுபது பேரில் ஒருவருடைய ரிட்டர்னில் குறை இருக்கிறது என்று வையுங்கள். வருமான வரிச் சட்டம் 139(9)-இன் கீழ் நோட்டீஸ் வரும். பதினைந்து நாள். அதற்குள் சரி செய்யாவிட்டால் அந்த ரிட்டர்னே செல்லாது, அவர் தாக்கலே செய்யாதவர் ஆகிவிடுவார். அல்லது ரிட்டர்னில் காட்டிய கணக்கு ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று 143(1)(ஏ)-இல் கேட்பார்கள். முப்பது நாள். இந்தக் கடிதங்கள் எங்கே போகின்றன? நீங்கள் உண்டாக்கிய பெட்டிக்கு. நவம்பரில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால்? நீங்கள் சொன்னபடியே கம்பெனி வேலைக்குப் போய்விட்டால்? அந்த மனிதருக்குத் தன் பெயரில் இப்படியொரு முகவரி இருப்பதே தெரியாது.

இந்த ஜூலை 14-ஆம் தேதி வருமான வரித்துறை நாடு முழுக்கச் சோதனைக்குப் போனதே, நினைவிருக்கிறதா? போலி வாடகை, போலிக் கட்சி நன்கொடை காட்டி ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்த ஆட்களைத் தேடி. தமிழ்நாட்டிலும் வந்தார்கள். அன்று துறை வெளியிட்ட குறிப்பில் ஒரு விவரம் இருந்தது. இந்த ஆட்கள் மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக ஈமெயில் முகவரிகளை உண்டாக்கி, பிறகு அப்படியே கைவிட்டுவிடுகிறார்கள், அதனால் நோட்டீஸ்கள் யாரும் படிக்காமல் கிடக்கின்றன என்று. உங்களுக்கு நாற்பதாயிரம் ரீஃபண்ட் கதை சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பினார்களே, அந்த நாற்பதாயிரத்தை வாங்கிக் கொடுத்தவரும் இப்படிப்பட்ட ஒருவராக இருக்கலாம். அவர் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பொய்க் கணக்கு என்று பிடிபட்டால் வரியோடு அதன் இரு மடங்கு வரைக்கும் அபராதம், அது உங்களிடம் சண்டை போட்டவரின் நண்பர் தலையில். நீங்கள் திருடவில்லை, அவர் திருடினார், அது எனக்குத் தெரியும். ஆனால் நோட்டீஸ் யார் கைக்கும் போகாமல் கிடப்பதற்கு இரண்டு பேரும் செய்த ஏற்பாடு ஒன்றேதான். நல்லவர் நீங்கள். உங்களுக்கு ஏன் அந்த ஆளின் வேலைமுறை?

ஓடிபி என்று நாம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ‘ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க.’ அவரும் டிவியைப் பார்த்துக்கொண்டே ஆறு எண்களை வாசித்துவிடுகிறார். அந்த ஆறு எண்ணும் என்ன? இன்னாரின் மகன் இன்னாராகிய நான், இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்தவரை சரியானது, முழுமையானது, சட்டப்படியானது என்று உறுதி கூறுகிறேன் என்று ரிட்டர்னின் கடைசியில் இருக்கிறதே, அதற்குக் கீழே போடும் கையெழுத்து. வேறொன்றும் இல்லை. அது இல்லாமல் முப்பது நாள் போனால் கெடுவுக்குள் போட்டதும் தாமதக் கணக்காகிவிடலாம். அந்த எண் பதினைந்து நிமிஷம்தான் செல்லும். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அந்த மனிதர் என்னவெல்லாம் சொல்லிக்கொள்கிறார் என்று அவருக்கே தெரியாது. பதினொரு மணிக்கு எரிந்து விழுகிறார் என்கிறீர்களே, தன்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் பணம் வாங்கிக்கொண்டு பிறருக்கு ரிட்டர்ன் தயாரிப்பவர் தன் பதிவு எண்ணை எழுதித் தானும் கையெழுத்திட வேண்டும். நம் படிவத்தில் அரசின் டிஆர்பி (ரிட்டர்ன் தயாரிப்பவர்) திட்டத்தில் பதிந்தவருக்கு ஒரு கட்டம் உண்டு. உங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. மூன்று நாள் கண்விழித்துப் போட்ட கணக்கில் உங்கள் பெயர் ஓரெழுத்து இல்லை. அதில் இருப்பது அவர் பெயர் மட்டும். அதனால்தான் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

நான் குமாஸ்தாவாக இருந்தது 2000-களின் தொடக்கத்தில். எல்லாம் காகிதம். அன்றைய ரிட்டர்னான ‘சரல்’ படிவம் ஒரே தாள், முன்னும் பின்னும். ஃபார்ம் 16, முன்கூட்டியே பிடித்த வரிக்கான டிடிஎஸ் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் டேக் போட்டுக் கோத்து, பீபிகுளத்தில் வரி அலுவலகத்துக்குக் கொண்டுபோய் வரிசையில் நின்று முத்திரை வாங்கிக்கொண்டு வருவேன். ஜூலை கடைசி வாரம் எங்கள் அறையில் உட்கார இடம் இருக்காது. அந்த நெரிசலிலும் ஐயா (முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு வழக்கத்தை விடமாட்டார். கையெழுத்து வாங்கும் முன் கணக்கைத் தமிழில் வாசித்துக் காட்டுவார். ‘உங்க சம்பளம் இவ்வளவு. வட்டி இவ்வளவு. கழிச்சது இவ்வளவு. கட்டின வரி இவ்வளவு. விட்டது ஏதும் இருக்கா?’

கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த இடைவெளி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெளியே இருபது பேர் காத்திருப்பார்கள், இவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். எதிரில் இருப்பவர் மோட்டுவளையைப் பார்ப்பார். பிறகு, ‘ஊர்ல ஒரு வீடு இருக்குங்க. வாடகைன்னு பெருசா ஒண்ணுமில்ல...’ என்று ஆரம்பிப்பார். ஏஐஎஸ் வந்தது 2021-இல். அதற்கு முன்பே ஐயா இப்படிச் சும்மா உட்கார்ந்து அதை வாங்கிவிடுவார்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ‘நீங்க பார்த்து நிரப்பிக்கங்க’ என்று நீட்டிய ஒரு ஜவுளி வியாபாரி முன்னாலேயே ஐயா அதைக் கிழித்ததைப் பார்த்திருக்கிறேன். பெரிய வாடிக்கையாளர் அந்த வியாபாரி. திரும்ப வரவே இல்லை.

ஒரு வருஷம் ஜூலை கடைசியில் ஐயாவுக்கு மஞ்சள் காமாலை. நாற்பது ஃபைல்கள் என்மேல் விழுந்தன. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கூட்டத்தைச் சீக்கிரம் கலைக்க வேண்டும் என்று வெறும் படிவத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு எல்லோரையும் அனுப்பிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து நிரப்பினேன். கெடுவுக்குள் நாற்பதையும் போட்டுவிட்டேன். பெருமையாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். கையில் நோட்டீஸ். அவருடைய வைப்புத்தொகை வட்டிக்கான சான்றிதழ் தனிக் கவரில் இருந்திருக்கிறது, நான் பிரிக்கவில்லை. தொகை பெரிதில்லை. நானே கட்டிவிடுகிறேன் என்றேன். அவர் படிவத்தின் நகலை மேஜைமேல் வைத்துக் கீழே விரலை வைத்தார். ‘பணம் கெடக்குது தம்பி. எல்லாம் உண்மைன்னு எழுதி, இங்க என் கையெழுத்து இருக்கு. கையெழுத்து என்னுதுதான். ஆனா இதை நான் பார்க்கவே இல்லையே’ என்றார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திக் கையெழுத்துப் போட்ட மனிதர்.

ஐயா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வாசித்துக் காட்டும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்.

நேரம் ஏது என்பீர்கள். உங்கள் வருத்தங்களைத் திரும்பப் பாருங்கள். வட்டி இல்லை என்கிறவர், ரீஃபண்டு வேண்டும் என்கிறவர், ஓடிபி கேட்டால் சீறுகிறவர், பணம் தராதவர். இந்த நாலு பேரும் ஒரே மாதிரிதான் நினைக்கிறார்கள். கணக்கு உங்களுடையது, நீங்கள் அதை எங்கோ கொடுத்து ஏதோ வாங்கி வருகிறீர்கள் என்று. அந்த நினைப்பை வளர்த்தவர்களில் நீங்களும் ஒருவர். ஈமெயில் உங்களுடையது, பாஸ்வேர்டு உங்களுடையது என்று ஆன பிறகு கணக்கு மட்டும் எப்படி அவருடையதாக இருக்கும்? பத்து நிமிஷம் உட்கார வைத்து வாசித்துக் காட்டப்பட்டவர் அந்தப் பத்து நிமிஷத்துக்குக் காசு கொடுப்பார். கொடுக்காதவர் சிலர் இருப்பார்கள். அவர்களை விடுங்கள்.

கம்பெனி வேலைக்குப் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். போங்கள், அல்லது இருங்கள். ஆனால் அந்த எழுபது பேரின் முகவரியையும் மாற்றாமல் போகக் கூடாது. தாமத ரிட்டர்னுக்கு டிசம்பர் 31 வரை ஆள் வந்துகொண்டுதான் இருக்கும். அதற்கு நடுவில் நாளுக்கு இரண்டு பேராகக் கூப்பிடுங்கள். அவரவர் போனில், அவரவர் ஈமெயிலைப் பதிந்து, பாஸ்வேர்டை அவர்களையே மாற்றச் சொல்லுங்கள். முடிந்தால் இந்த வருஷக் கணக்கை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் திருத்திய ரிட்டர்ன் போடவும் அதே டிசம்பர் 31 வரைக்கும் நேரம் இருக்கிறது.

முதலில் ஒரு வாரம் தூங்குங்கள். பிறகு எத்தனை பேர் முடிந்தது என்று எழுதுங்கள்.