மேடைக் கச்சேரிக்குத் தூக்கிச் செல்ல வசதியாக, எடை குறைந்த சின்ன ட்யூப் கிட்டார் ஆம்ப் எதை வாங்கலாம்?

கேட்டவர் பெரம்பூர்க்காரர். ஞாயிறு காலை சர்ச் கொயர், முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழு என்று வாசிக்கிறாராம். இருக்கும் பெரிய ஆம்பைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது, ட்யூப் (பழைய ரேடியோவில் இருந்த கண்ணாடி வால்வுதான்) தருகிற சத்தத்தை விடவும் மனசில்லை, என்ன செய்யலாம் என்கிறார்.

நான் ராயபுரம். பதினைந்து வருடமாகக் கல்யாண ரிசப்ஷன், ஆடி மாதக் கோவில் மேடை, டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசிக்கிறவன். உங்கள் இடுப்பு வலி எனக்கும் வந்து போனதுதான். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 15 கிலோவைத் தாண்டாத, 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள, 12 முதல் 20 வாட்ஸ் வரை வருகிற காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது, வாங்குங்கள். எந்த கம்பெனி என்பது அப்புறம்.

என் முதல் ட்யூப் ஆம்ப் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த 30 வாட்ஸ் பெட்டி. எடை 32 கிலோ. அதாவது வீட்டுக்கு வருகிற நிறை சிலிண்டரைவிடக் கொஞ்சம் கூட. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். கீழே பந்தி, மாடியில் மேடை, லிஃப்ட் கிடையாது. 28 படி. முதுகில் கிட்டார், தோளில் பெடல் பை, இரண்டு கையாலும் அந்தப் பெட்டி. பாதிப் படியில் பந்திக்கு இறங்கி வருகிற கூட்டம் எதிரே வந்தது. சுவரோடு ஒட்டி நின்று பெட்டியைத் தொடையில் தாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் இறங்கும்வரை காத்திருந்தேன். மேலே போய் வாசிக்கும்போது விரல் நடுங்கியது. அன்றைக்கு ஆம்பின் வால்யூம் 2-ஐத் தாண்டவே இல்லை. 2-இல் வாசிக்கவா இதைத் தூக்கி வந்தோம் என்று அப்போதுதான் புத்தி வந்தது.

வாட்ஸைப் பார்த்து மயங்காதீர்கள். 15 வாட்ஸுக்கும் 30 வாட்ஸுக்கும் காதில் விழும் வித்தியாசம் 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது என்று காது ஒப்புக்கொள்ள, வாட்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஏற வேண்டும். அதே 3 டெசிபலை ஸ்பீக்கரை மாற்றியே வாங்கிவிடலாம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கர் இருக்கிறது, 100 தருவதும் இருக்கிறது. முதலாவதைக் கழற்றி இரண்டாவதை மாட்டினால் உங்கள் 15 வாட்ஸ் பெட்டி 30 வாட்ஸ் பெட்டி மாதிரி நிற்கும். கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், வாட்ஸைத்தான் சொல்வார்கள்.

ஆனால் 5 வாட்ஸ் பெட்டியை வாங்கிவிடாதீர்கள். வீட்டில் அருமையாக இருக்கும். நம்முடைய கச்சேரி வேறு. மெல்லிசைக் குழுவில் கிட்டாருக்குப் பாதி நேரம் சுத்தமான கார்டும் பிக்கிங்கும்தான் வேலை. டிரம்ஸும் தபேலாவும் ரிதம் பேடும் சேர்ந்து இறங்கும்போது அதற்கு மேல் கேட்க வேண்டுமென்று வால்யூமைத் திருகினால், சின்ன ட்யூப் ஆம்ப் கரகரக்க ஆரம்பித்துவிடும். ராக் வாசிப்பவனுக்கு அந்தக் கரகரப்பு வரம். காதல் பாட்டுக்கு அது தொண்டை கட்டின மாதிரி. மேடையில் உங்கள் பெட்டிக்கு முன்னால் சவுண்ட் செட்காரர் ஒரு மைக் வைப்பார் என்ற உறுதி இருந்தால் 10 வாட்ஸே போதும். வைப்பாரா என்பதுதான் கேள்வி. எனக்கு நேர்ந்தவரை, மைக் மிச்சம் இருந்தால் அதைக் கோரஸ் பாடுகிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள்.

அடுத்தது எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது. ட்யூபுக்கு எடையே இல்லை. இரும்புதான் எடை: கரண்டை வாங்குகிற பவர் டிரான்ஸ்பார்மர் ஒன்று, ஸ்பீக்கருக்கு அனுப்புகிற அவுட்புட் டிரான்ஸ்பார்மர் ஒன்று. வாட்ஸ் ஏற ஏற இரண்டும் பெருக்கும். அப்புறம் ஸ்பீக்கரின் காந்தம். சாதாரண பெரைட் காந்தத்துக்குப் பதில் நியோடைமியம் காந்தம் போட்ட 12 அங்குல ஸ்பீக்கரை செலஸ்டியன், ஜென்சன் இரண்டு கம்பெனியுமே விற்கிறார்கள். அதன் எடை ஏறக்குறைய பாதி. இரண்டு கிலோ அப்படியே இறங்கும். நான் இப்போது வைத்திருக்கும் பெட்டியில் செய்த ஒரே மாற்றம் இதுதான். ஓம்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) மட்டும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். 8 இருந்த இடத்தில் 8. பெட்டி மரமும் கணக்கில் வரும். பைன் மரப் பெட்டி லேசு, மரத்தூள் பலகைப் பெட்டி கனம். மழையில் ஒரு தரம் நனைந்தால் அந்தப் பலகை ஊறி உப்பியும் விடும்.

சரி, கம்பெனிக்கு வருவோம். ஃபெண்டர் புளூஸ் ஜூனியர்: 15 வாட்ஸ், இரண்டு இஎல்84 ட்யூப், 12 அங்குலம், ஸ்பிரிங் ரிவெர்ப் (பெரிய ஹாலில் வாசிக்கிற மாதிரி முழக்கம் தருவது), ஏறக்குறைய 14 கிலோ. காலி சிலிண்டர் எடை. உங்கள் வேலைக்கு நான் கை காட்டுவது இதைத்தான். சத்தம் கொஞ்சம் பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும், நல்ல ஸ்பீக்கர் போட்டால் பாதி சரியாகும். அதன் தம்பி புரோ ஜூனியர் சுமார் 10 கிலோதான், அதே 15 வாட்ஸ். ஆனால் 10 அங்குல ஸ்பீக்கர், ரிவெர்ப் கிடையாது, இருப்பது வால்யூம், டோன் என்று இரண்டே குமிழ். எனக்குப் பிடிக்கும். கல்யாண மேடைக்கு அடி சத்தம் போதாது. வாக்ஸ் ஏசி15-இன் ஒலிக்கு நான் அடிமை, ஆனால் அது 15 வாட்ஸுக்கு 22 கிலோ. ஏசி10 பன்னிரண்டு கிலோ சொச்சம், அதுவும் 10 அங்குலம். சுத்தமான ஒலிக்கு ராஜா ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்: 22 வாட்ஸ், இரண்டு 6வி6 ட்யூப், 19 கிலோ. கார் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஷேர் ஆட்டோவில் போகிற ஆளுக்கு அது இன்னொரு பயணி.

2006-இல் ஆரஞ்ச் கம்பெனி டைனி டெரர் என்று டிபன் பாக்ஸ் அளவில் 15 வாட்ஸ் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத வெறும் ஆம்ப்) ஒன்றை விட்டது. அதைப் பார்த்து எல்லாரும் அந்த மாதிரி இறக்கினார்கள். ஒரு கையில் தொங்கவிட்டுப் போகலாம், உண்மைதான். ஆனால் ஸ்பீக்கர் பெட்டி தனி. எடை இரண்டாகப் பிரிந்ததே தவிரக் குறையவில்லை, இரண்டு கையும் போச்சு. பைக்கில் பின்னால் ஒருவர் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள இருந்தால் இந்த வழி நல்லது.

ட்யூபே வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், அதே டீலக்ஸ் ரிவெர்பை டிஜிட்டலில் டோன் மாஸ்டர் என்று ஃபெண்டரே 2019-இல் விட்டது. சுமார் 10 கிலோ. என் நண்பன் வைத்திருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு மூன்று முறையில் இரண்டு முறை நான் தப்பாகச் சொன்னேன். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருகிறார், பழையது மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் முதலில் பெட்டியின் பின்பலகையைப் படியுங்கள். நான் படிக்கவில்லை. செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினேன். விற்றவர் “எல்லாம் நம்ம ஊர் வோல்டேஜுக்கு மாத்தியாச்சு” என்றார். வீட்டில் செருகி ஸ்விட்சைப் போட்டதும் பட்டென்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. டார்ச் அடித்துப் பார்த்தால் பின்னால் பொடி எழுத்தில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230, 50.

பழைய வண்ணாரப்பேட்டையில் வால்வு ரேடியோ ரிப்பேர் பார்த்துவந்த ஒரு பெரியவரிடம் தூக்கிப் போனேன். ட்யூப் என்றால் அவருக்குப் புரியாது, வால்வு என்றால்தான் முகம் மலரும். பெங்களூரில் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனி ரேடியோ வால்வு போட்ட காலத்து ஆள். நான் பெட்டியின் பின்பக்கம் கை விடப் போனதும் மணிக்கட்டில் தட்டினார். “இன்னா நைனா, வீட்ல சொல்லிக்கினு வந்தியா? பிளக்க புடுங்கினாலும் உள்ள கரண்ட் நிக்கும். ஒரு கைய பாக்கெட்ல வெச்சிக்கினு இன்னொரு கையாலதான் தொடணும்.” கெப்பாசிட்டரில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். என் நல்ல நேரம், ஃபியூஸ் மட்டும் போயிருந்தது. அதற்குப் பதில் சிகரெட் பாக்கெட் ஜிகினாத் தாளைச் சுற்றியிருந்தால் டிரான்ஸ்பார்மரே வெந்திருக்கும் என்றார். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்தான், ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் அதுவே நாலைந்து கிலோ. எடை குறைக்கப் போய் எடை வாங்கின கதை. 230 வோல்ட் என்று எழுதியிருக்கும் பெட்டியை மட்டும் வாங்குங்கள்.

தெருமேடைக் கரண்ட் தனி விஷயம். கூழ் வார்க்கும் திருவிழாவில் சீரியல் செட்டும் ஃபோகஸ் லைட்டும் ஆம்பும் ஒரே ஜெனரேட்டரில் ஓடும். விளக்கு எரியும்போது வோல்டேஜ் இறங்கி ட்யூப் ஆம்ப் சோர்ந்துபோகும், அணைத்ததும் எகிறும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எர்த் இல்லாததுதான் பயம். ஒருமுறை கோரஸ் பாட மைக்கில் வாயை வைத்தேன், கை கிட்டார் கம்பியில். உதட்டில் சுரீரென்று அடித்தது. அன்றிலிருந்து பையில் டெஸ்டர் இருக்கிறது. பிளக்கைச் செருகியதும் கம்பியில் ஒருதரம், மைக்கின் வலையில் ஒருதரம். எதில் விளக்கு எரிந்தாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகுதான் வாசிப்பேன். ஹம் (உம்மென்ற இரைச்சல்) வருகிறது என்று எர்த் பின்னை உடைக்கச் சொல்கிற ஆட்கள் மேடைக்கு ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள்.

பையில் அதோடு ஒரு 12ஏஎக்ஸ்7 (முதல் கட்டத்துச் சின்ன ட்யூப்), ஒரு ஜோடி பவர் ட்யூப், இரண்டு ஃபியூஸ், ஒரு ஸ்பேர் ஸ்பீக்கர் வயர். ஸ்பீக்கர் வயர் செருகாமல் ட்யூப் ஆம்பை ஆன் செய்து வாசித்துவிடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். முடிந்ததும் சூட்டோடு தூக்கி டெம்போவில் எறியாமல் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். காசிமேட்டுக் காற்றில் உப்பு அதிகம். எங்கள் பக்கம் வீடென்றால் ட்யூப் காலிலும் சாக்கெட்டிலும் பச்சை பூக்கும், கறமுற சத்தம் வரும். வருடத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, ஆறவைத்து, ட்யூபைக் கழற்றிக் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும். உங்களுக்குப் பெரம்பூரில் அவ்வளவு தொல்லை இருக்காது.

வாங்குமுன் கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு, பெட்டியை ஒரே கையில் தூக்கி நூறு அடி நடங்கள். கை மாற்றத் தோன்றினால் அது உங்களுக்கான ஆம்ப் இல்லை. அதற்குப் பிறகு வால்யூமைப் பாதிக்கு வைத்து, பத்தடி தள்ளி நின்று, நீங்கள் மேடையில் வாசிக்கிற கார்டையே வாசித்துக் கேளுங்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டால் எல்லா ஆம்பும் நல்ல ஆம்புதான்.

கம்பெனி கவர் தனியாக வாங்க வேண்டாம், மழைக்கு நிற்காது. நான் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் தையல்காரரிடம் கொடுத்து அளவெடுத்துத் தைத்துக்கொண்டேன். யாருடைய காதுகுத்து என்று தெரியாது. எல்லா மேடைக்கும் அந்தக் குழந்தையின் பாதி முகத்தோடுதான் போய் இறங்குகிறேன்.