சர்க்கரை 5.6-ஆ, 101-ஆ?

புதுச்சேரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டு மருந்துச் சோதனைத் தரவும் ஒரே எக்செலில். சர்க்கரை சிலருக்கு 5.6, சிலருக்கு 101. மேலாளர் "நீங்களே திருத்திவிடுங்கள்" என்கிறார். திருத்தாதீர்கள். இரண்டும் சரியான எண்ணாகவே இருக்கலாம். பிரிட்டனில் லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்ற கணக்கு, இங்கேயும் அமெரிக்காவிலும் 100 மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. 5.6-ஐ 18-ஆல் பெருக்கிப் பாருங்கள், 100.8 வரும். அதே 18-ஐச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினுக்கும் போட்டுவிடாதீர்கள்! அது மைக்ரோமோலில் வந்தால், மில்லிகிராமாக்க 88.4-ஆல் வகுக்க வேண்டும்.

வந்த எண்ணும் அலகும் அப்படியே இருக்கட்டும். மாற்றியதைப் பக்கத்துப் பத்தியில் போடுங்கள். அலகே இல்லாத வரி இருந்தால் ஊகம் வேண்டாம், அந்த மருத்துவமனைக்கே கேள்வி அனுப்புங்கள்.

இதைவிட எனக்குப் பயம் தேதிதான். கடலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போன ஒரு கம்பெனியில், ஒரு நோயாளி சம்மதக் கையெழுத்து போடும் முன்பே மருந்து சாப்பிட்டதாகக் காட்டியது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், மாதம் முதலில் வரும் அமெரிக்க அமைப்பில் இருந்த எக்செல், கையெழுத்து போட்ட 04/03-ஐ, அதாவது மார்ச் 4-ஐ, ஏப்ரல் 3 ஆக்கிவிட்டது. மருந்து கொடுத்த 15/03-ஐ மட்டும் விட்டுவிட்டது. 15-வது மாதம் கிடையாதே. அதனால் கோப்பைத் திறக்கும்போதே தேதிப் பத்தியை எழுத்தாக எடுங்கள், அப்புறம் 2024-03-04 மாதிரி ஆண்டு முதலில் வர மாற்றுங்கள்.

மேலாளரிடம் அந்த "திருத்திவிடுங்கள்" என்பதை மெயிலில் கேளுங்கள். தரவைத் தணிக்கை செய்ய வருபவர்கள், "யார், எப்போது, ஏன் மாற்றினார்கள்?" என்றுதான் கேட்பார்கள்.