கொல்லைச் செடிகளும் ஐந்து மாத நாய்க்குட்டியும்

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. கொல்லை நிறையச் செடிகள். பாதிக்குப் பெயர் தெரியாது. ஐந்து மாத லாப்ரடார் குட்டி ப்ரூனோ கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிறான். வாசல் தொட்டியில் இருக்கும் செடியைக் கைப்பேசிச் செயலி ஒரு முறை 'அரேகா பனை' என்கிறது, மறுமுறை 'சேகோ பனை' என்கிறது. மதிலோரம் இளஞ்சிவப்புப் பூச்செடி, பூஜைக்குப் பறிக்கும் வெள்ளைப் பூச்செடி, செம்பருத்தி, மாமரத்தில் ஏறிய மணி பிளான்ட், கற்றாழை ஆகியவையும் இருக்கின்றன. படங்களை இணைத்திருக்கிறேன். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன புண்ணாக்கு மூட்டை ஒன்றையும் அவன் ஓயாமல் முகர்கிறான். எதை வெட்டுவது, எதை விடுவது?

கால்நடை மருத்துவரின் பதில்:

கடைசியில் போகிறபோக்கில் ஒரு மூட்டையைச் சொன்னீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை முதலில் பதறவைத்தது அதுதான். தோட்ட உரமாக வாங்கும் புண்ணாக்கில் ஆமணக்குப் புண்ணாக்கும் உண்டு. ஆமணக்கு விதையின் நஞ்சான ரிசின் எண்ணெயோடு போவதில்லை. பிழிந்தபின் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. அதன் வாசனை நாய்களுக்குப் பிடிக்கும், தாங்களாகவே தேடிப்போய்த் தின்னும். தின்ற உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலும் தொடங்கும். "அது கடலைப் புண்ணாக்காக இருக்கலாமே" என்பீர்கள். இருக்கலாம். நெடுநாள் கிடந்து பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கலாம்; அது கல்லீரலைக் கெடுக்கும். எந்தப் புண்ணாக்கு என்று ஆராய வேண்டியதே இல்லை. மூட்டையை இன்றே அப்புறப்படுத்துங்கள், கீழே சிந்தியதையும் கூட்டி அள்ளிவிடுங்கள்.

இனி வாசல் தொட்டி. செயலியைக் குறை சொல்ல மாட்டேன்; முதல் படத்தில் அதற்கு நீங்கள் காட்டியது மட்டையை மட்டும்தான். இரண்டாவது படத்தில் அடித்தண்டும் தெரிகிறது. அன்னாசிப் பழத்தைத் தரையில் நட்டதுபோல் செதில் செதிலாகத் தடித்த ஒற்றைத் தண்டு, அதன் உச்சியில் வட்டமாக விரிந்த விறைப்பான மட்டைகள், தொட்டால் குத்தும் இலை நுனிகள். ஐயமே வேண்டாம், இது சைகஸ். சேகோ பனை என்று விற்பது இதைத்தான். அரேகா பனையோ மூங்கில் புதர்போல் பல மெல்லிய தண்டுகளாக வளரும், கணுக்கள் வளையம் வளையமாகத் தெரியும், இலை மெத்தென்று இருக்கும். அரேகாவால் நாய்க்குத் தீங்கில்லை. சைகஸ் பெயரில்தான் பனை, உண்மையில் அது பனை இனமே அல்ல. அதன் எல்லாப் பாகங்களிலும் சைகாசின் என்ற நஞ்சு இருக்கிறது, விதையில் மிக அதிகம். ஓரிரு விதைகளே ஒரு நாயின் கல்லீரலைச் செயலிழக்கவைக்கப் போதும். வாந்தி நின்று நாய் தேறிவிட்டதாகத் தோன்றும். இரண்டு மூன்று நாள் கழித்து, மஞ்சள் காமாலை கண்ட நாயைத் தூக்கிக்கொண்டு வளர்ப்பவர்கள் திரும்பி வருவார்கள். தொட்டியை, நாய் வளர்க்காத யாருக்காவது விவரம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

மதிலோரம் இருப்பது செவ்வரளி. பூவை விடுங்கள், இலையைப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் மூன்று மூன்றாக, தோல் போலத் தடித்து, குறுகி நீண்டிருக்கின்றன. பால் வடிந்தால் விஷச்செடி என்று பெரியவர்கள் சொல்லும் கணக்கு மோசமில்லை. மஞ்சள் அரளியைக் கிள்ளினால் பால் கொட்டும். ஆனால் செவ்வரளியில் பல சமயம் நிறமில்லாத பிசுபிசுப்புச் சாறுதான் வரும். ஊமத்தையிலும் ஆமணக்கிலும் பாலே கிடையாது. ஆகவே பால் வரவில்லை என்பதை நற்சான்றிதழாகக் கொள்ளாதீர்கள். கிள்ளிப் பார்த்தால் கையைக் கழுவுங்கள்.

அரளியின் நஞ்சு நேராக இதயத்துடிப்பைக் குலைக்கும். இலை, பூ, தண்டு, வேர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 2024-இல் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று முடிவெடுத்ததைப் படித்திருப்பீர்கள். நின்ற செடியை நாய்கள் பெரும்பாலும் சீண்டுவதில்லை; கசப்பு அப்படி. வெட்டிப் போட்ட கிளைதான் வினை. உலர்ந்தாலும் நஞ்சு போகாது, கடிக்கத் தோதான குச்சியாக வேறு ஆகிவிடும். ப்ரூனோவுக்கு இப்போது பல் முளைக்கும் பருவம், அவனுக்குக் குச்சி என்றால் கொண்டாட்டம். ஆகவே வெட்டுகிற நாளில் அவனை வீட்டுக்குள் கட்டுங்கள், சருகுவரை பொறுக்கி எடுங்கள். எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. பூஜைக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வதானால் அவன் எட்டாதபடி கம்பிவலை கட்டுங்கள். பூ போட்டு வைத்த சொம்புத் தண்ணீரையும் அவன் நக்க விடாதீர்கள்.

வெள்ளைப் பூ நந்தியாவட்டை. இலைகள் எதிரெதிரே ஜோடியாகப் பளபளக்கின்றன, கிள்ளினால் பால் வரும். அரளிக் குடும்பம்தான் என்றாலும் அவ்வளவு கொடியதல்ல. வெட்டச் சொல்ல மாட்டேன், கடிக்க விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். நீங்கள் கேட்காத ஒன்று படத்தின் ஓரத்தில் எட்டிப்பார்க்கிறது: நித்தியகல்யாணி. இதிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் மருந்தை, நாய்களுக்கு இனப்பெருக்க உறுப்பில் வரும் ஒருவகைத் தொற்றுக் கட்டிக்கு நாங்களே ஊசியாகப் போடுகிறோம். அதற்காக நாய் அதை மேயலாம் என்று பொருளில்லை. குட்டி பெரியவனாகும்வரை பிடுங்கிவிடுங்கள்.

மணி பிளான்டில் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், முகத்தைத் தரையில் தேய்ப்பான். பார்க்கப் பயமாக இருக்கும், உயிருக்கு ஆபத்து மிக அரிது. வாயைத் தண்ணீரால் கழுவினாலே போதும், வீங்கினால் கொண்டுவாருங்கள். கற்றாழையின் மடல் தோலுக்கடியில் ஊறும் மஞ்சள் பால் பேதியாக்கும். அதை மாடியில் வையுங்கள். செம்பருத்தி பாதுகாப்பானது. ரோஜா, மல்லிகை, வாழை, அருகம்புல் ஆகியவற்றாலும் கவலையில்லை.

இன்னொன்று. ஒரு மாதம் பார்த்ததை வைத்துக் கொல்லையைத் தெரிந்துகொண்டோம் என்று நினைக்க வேண்டாம். மழை விழுந்தபின் வேலியில் ஒரு கொடி ஏறி, அதன் இலை நுனி சுருள்கம்பிபோல் நீண்டு பற்றினால் அது செங்காந்தள். நம் மாநில மலர்தான். ஆனால் கிழங்கில் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது, லாப்ரடாருக்கோ தோண்டுவது பிறவிக் குணம். புதிதாக எது முளைத்தாலும் பூ, இலையின் மேல்புறம், அடிப்புறம், கணு, அடித்தண்டு எனத் தனித்தனியாகப் படமெடுங்கள். செயலி சொல்லும் பெயரை ஒரு நர்சரிக்காரரிடமும் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் நம்புவதில் சிக்கல் உண்டு. அரளி என்றும் ஈழத்தலரி என்றும் சொல்வது இரண்டு வேறு செடிகளை.

தின்றுவிட்டால்? வாயில் இருப்பதை எடுத்துவிட்டு, செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உப்புக் கரைசல், புளிக் கரைசல், பால், முட்டை எதுவும் வேண்டாம். உப்பு மிகுந்தால் அதுவே நஞ்சு. புளி நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது என்ற சந்தேகம் இருக்கிறது. ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குள் போகலாம். வாந்தி எடுக்கவைப்பது எங்கள் வேலை, அதுவும் தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால்தான் பெரிதாகப் பயன்படும். அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பவர்களிடம்தான் எனக்குக் கோபம் வரும். உங்கள் பகுதியில் இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இந்த வாரமே விசாரித்து, தொலைபேசி எண்ணைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.